வாகனக் கண்ணாடியில் நீர்க்கறை

மோட்டார் வாகனத்தைக் கழுவி வெயிலில் நிறுத்தினால், சிறிது நேரத்தில் அதன் கண்ணாடிகளில் வெண்ணிற வட்டங்கள் தோன்றுகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் ஊர்களில் இக்காட்சியைக் காணாதவர் இரார். ஈரத்துணி கொண்டு துடைத்தால் அவ்வட்டங்கள் மறைந்துவிட்டன போலத் தோன்றும். கண்ணாடி உலர்ந்ததும் முன்போலவே வெளிப்படும். நாளடைவில் ஓட்டுநர் அவற்றுக்குப் பழகிவிடுகிறார். பகலில் பார்வைக்குத் தடை ஏதும் தெரிவதில்லை. இரவில், எதிரே ஒரு லாரி விளக்கேற்றி வரும்போதுதான் அவற்றின் தீமை புலனாகிறது.

கிராமப்புறங்களில் பணியாற்றும் விரிவாக்க அலுவலர்கள், சுகாதாரப் பணியாளர்கள், நில அளவையாளர்கள் ஆகியோர் ஜீப்பிலும் வேனிலும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியவர்கள். பள்ளிப் பேருந்துகளும் இத்தகைய நீரிலேயே கழுவப்படுகின்றன. ஆகவே இக்கறை எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு நீக்கத்தக்கது, எந்நிலையில் நீக்க இயலாததாகிறது என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடையது. ஆசிரியர்களுக்கோ, கடின நீர் என்னும் பாடத்தை மாணவர் கண்முன் நிறுத்துவதற்கு இதைவிட எளிய சாதனம் கிடைப்பது அரிது.

கறையின் தோற்றம்

மழைநீர் பூமியை அடையும்போது அதில் உப்புக்கள் மிகக் குறைவு. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு அதில் கரைவதால் அது சிறிதளவு அமிலத் தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடேயும், கால்சியம், மக்னீசியம் அடங்கிய பிற பாறைகளின் ஊடேயும் கசிந்து செல்கையில், அத்தாதுக்களைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொள்கிறது. இவ்வாறு கால்சியம் பைகார்பனேட், மக்னீசியம் பைகார்பனேட் முதலிய உப்புக்களைத் தாங்கிய நீரையே கடின நீர் என்கிறோம். மேற்கு ராஜஸ்தானின் வறண்ட பகுதிகளில் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினமும் உவர்ப்பும் மிக்கது. கேரளத்தில் செம்பூரான் கல் பகுதிகளில் உள்ள கிணற்று நீரோ மென்மையானது. ஒரே வாகனம் ஓரிடத்தில் கழுவப்படும்போது கறை படிவதற்கும், மற்றோரிடத்தில் படியாமைக்கும் இதுவே காரணம்.

நீரின் கடினத்தன்மையை, ஒரு லிட்டரில் உள்ள கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் கணக்கிடுவது வழக்கம். குடிநீருக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள ஐ.எஸ். 10500 என்னும் விதிமுறையின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினமுள்ள நீரை 10 லிட்டர் கொண்ட வாளியில் நிரப்பினால், அவ்வாளியில் 6 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான உப்புக்கள் இருக்கும். நீரைக் கண்ணால் பார்த்தால் தெளிவாகவே தோன்றும். நாவும் அதனைக் குடிக்கத் தகுந்தது என்றே கூறும். ஆயினும் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை.

கண்ணாடிமேல் தங்கிய ஒரு துளி வெயிலில் காயும்போது இரு செயல்கள் நிகழ்கின்றன. பைகார்பனேட் சிதைந்து, கரியமில வாயு வெளியேறி, நீரில் எளிதிற் கரையாத கால்சியம் கார்பனேட் படிகிறது. கெட்டிலின் அடியில் வெண்பாறை போலப் படிவதும் இப்பொருளே. இதனுடன் சல்பேட், குளோரைடு முதலிய உப்புக்களும், நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிகாவும் எஞ்சி நிற்கின்றன.

சாதாரணமாக 20 துளிகள் சேர்ந்து ஒரு மில்லிலிட்டர் ஆகும் எனக் கொள்ளலாம். மேற்கூறிய நீரின் ஒரு துளியில் எஞ்சும் கடின உப்பு 0.03 மில்லிகிராம் மட்டுமே. இது மிகச் சிறிய அளவுதான். ஆனால் வாரம் ஒருமுறை கழுவினாலும் ஆண்டில் 52 முறை படிவு சேர்கிறது. பழைய படிவின்மேல் புதிய படிவு எளிதிற் பற்றிக்கொள்கிறது.

கறை ஏன் வட்டமாக அமைகிறது?

உப்பு துளியின் பரப்பு முழுவதும் சமமாகப் படியாமல், விளிம்பில் தடித்தும் நடுவில் மெலிந்தும் படிகிறது. சிந்திய காப்பித் துளி காய்ந்தபின் அதன் விளிம்பு மட்டும் கருமையாக இருப்பதும் இவ்வாறே. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் டீகன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1997ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர். துளியின் விளிம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகராதிருக்கிறது. அங்கே நீர் விரைந்து ஆவியாகிறது. அக்குறையை ஈடுசெய்யத் துளியின் நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் தன்னுடன் பொருள்களையும் கொண்டு சென்று விளிம்பில் சேர்த்துவிடுகிறது. கறையைச் சுரண்டும்போது வெளிவளையம் கடைசி வரை எஞ்சி நிற்பதன் காரணமும் இதுவே.

இரவில் நேரும் இடர்

சுத்தமான கண்ணாடி ஒளியை நேராகச் செல்லவிடும். உப்புத் துகள்கள் படிந்த கண்ணாடியோ ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். பகலில் சாலை முழுவதும் வெளிச்சமாக இருப்பதால் சிதறிய ஒளி பெரிதாகத் தெரிவதில்லை. இரவில் சாலை இருண்டிருக்க, எதிர் வாகனத்தின் விளக்கு மட்டும் மிகுந்த ஒளி வீசுகிறது. ஒவ்வொரு கறையும் அவ்வொளியைச் சிதறடித்து, ஓட்டுநரின் கண்முன் ஒரு வெண்திரையை விரிக்கிறது. அத்திரைக்கு அப்பால் கருமையான ஆடையணிந்து நடந்து செல்பவரோ, விளக்கில்லாத மாட்டு வண்டியோ புலப்படுவது கடினம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. இரண்டு விநாடி நேரம் பார்வை மங்கினால் 34 மீட்டர் தூரம் குருட்டுப் பயணமே. காலையிலும் மாலையிலும் சூரியனை நோக்கிச் செல்லும்போதும் இத்தகைய இடர் உண்டு.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, முன்புற, பின்புறக் கண்ணாடிகள் ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் உட்செல்ல விட வேண்டும் என்றும், பக்கக் கண்ணாடிகளுக்கு இவ்வளவு 50 விழுக்காடு என்றும் வரையறுத்தது. கண்ணாடி நல்லதாயிருப்பினும் அதன்மேல் படிந்த கறை அந்நன்மையைக் கெடுத்துவிடக்கூடும். எவ்வளவு ஒளி உட்செல்கிறது என்பது மட்டுமன்று, அது நேராகச் செல்கிறதா, சிதறிச் செல்கிறதா என்பதும் முக்கியம்.

கறையின் இரு நிலைகள்

நீர்க்கறை என்று நாம் ஒரே பெயரால் குறிப்பிடுவது உண்மையில் இருவேறு நிலைகளைக் கொண்டது. இவ்வேறுபாட்டை அறியாமையே பல தவறான சிகிச்சைகளுக்குக் காரணம்.

முதல் நிலையில், உப்பு கண்ணாடியின்மேல் படிந்திருக்கிறது; கண்ணாடிக்குக் கேடில்லை. படிவின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆதலால் மென்மையான அமிலத்தில் அது கரைந்துவிடும்.

இரண்டாம் நிலையில், கண்ணாடியே அரிக்கப்படுகிறது. கண்ணாடியை நீர் ஒன்றும் செய்யாது என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. இதனை முதன்முதலில் துலாக்கோல் கொண்டு மெய்ப்பித்தவர்களுள் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே ஒருவர். நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறுகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். காய்ச்சிய பாத்திரத்தில் சிறிது மண் போன்ற பொருள் எஞ்சியதே அந்நம்பிக்கைக்கு ஆதாரம். லவாசியே 1768–69ஆம் ஆண்டுகளில் மூடிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் நீரை 101 நாட்கள் இடைவிடாது காய்ச்சினார். இறுதியில் பாத்திரத்தின் எடை குறைந்திருந்ததைக் கண்டு, எஞ்சிய மண் நீரிலிருந்து பிறந்ததன்று, கண்ணாடியிலிருந்து கரைந்து வந்ததே என்று முடிவு செய்தார்.

சாதாரணக் கண்ணாடி, மணற்சத்தாகிய சிலிகாவுடன் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கிச் செய்யப்படுவது. நீர் அதன்மேல் தங்கும்போது, கண்ணாடியிலுள்ள சோடியம் அணுக்கள் மெல்ல வெளியேறி நீரைக் காரமாக்குகின்றன. துளி சுருங்கச் சுருங்கக் காரம் செறிவடைகிறது. காரம் மிகுந்தால் சிலிகாவின் கட்டமைப்பே கரையத் தொடங்குகிறது. அதே வேளையில் நீரில் வந்த சிலிகாவும் கண்ணாடியுடன் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. வெயிலின் உஷ்ணம் இச்செயல்கள் அனைத்தையும் விரைவுபடுத்துகிறது. இறுதியில் கண்ணாடியில் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. பள்ளத்தை எந்த அமிலம் கொண்டும் கரைத்து நீக்க முடியாது. இல்லாத பொருளை எவ்வாறு கரைப்பது?

நீக்கும் முறை

வாகனத்தை நிழலில் நிறுத்திக் கண்ணாடியைக் குளிரவிட வேண்டும். முதலில் நிறைய நீர் விட்டுப் புழுதியை அகற்றி, பின்னர் சோப்புக் கரைசலால் கழுவ வேண்டும். இது மிகவும் அவசியம். தாதுக்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டின் எண் 3. கண்ணாடியின் எண் ஏறக்குறைய 5.5, மணலாகிய குவார்ட்சின் எண் 7. ஆகவே கறைப்பொருள் கண்ணாடியைக் கீறாது. துணியில் சிக்கிய மணல் நிச்சயம் கீறும்.

அடுத்து, வினிகரையோ, எலுமிச்சைச் சாற்றையோ, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்த கரைசலையோ எடுத்துக்கொள்ளலாம். பருத்தித் துணியை அதில் நனைத்துக் கறையின்மேல் 5 முதல் 10 நிமிடம் வரை ஒட்டி வைக்க வேண்டும். தெளித்துவிட்டு உடனே தேய்ப்பதால் பயன் குறைவு. கரைவதற்கு நேரம் வேண்டும். அமிலம் காய்ந்துவிடாதபடியும், வண்ணப்பூச்சு, குரோமியம் பூசிய பாகங்கள், சிமெண்டுத் தரை ஆகியவற்றின்மேல் வழியாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பு மெல்லத் தேய்த்து, நீரால் நன்கு கழுவி, உலர்ந்த துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். பழைய கறையாயின் இதனை இரண்டு மூன்று முறை செய்வது நலம்.

அமிலத்துக்குப் பிறகும் எஞ்சிய படிவைச் சமையல் சோடாவை நீரில் குழைத்து மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். அது கண்ணாடியைவிட மென்மையானது. ஆனால் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து பயன்படுத்துவதால் பயனில்லை. நுரை பொங்குவது கண்டு பலர் மகிழ்வர். உண்மையில் அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுகின்றன.

இவற்றுக்கும் நீங்காத கறை சிலிகாப் படிவோ அரிப்போ ஆகும். அதற்குக் கண்ணாடியை மெருகிடுதலே வழி. இதற்கு உதவுவது சீரியம் ஆக்சைடு என்னும் நுண்பொடி. சீரியம் அருமண் தனிமங்களுள் ஒன்று. கேரளத்தின் சவறாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்னும் தாதுவில் அடங்கியுள்ளது. மோனசைட்டிலிருந்து அருமண் சேர்மங்களைப் பிரிக்கும் தொழிற்சாலை 1952ஆம் ஆண்டில் ஆலுவாவில் தொடங்கப்பட்டது. சீரியம் ஆக்சைடை நீரில் குழைத்துக் கம்பளித் திண்டால் தேய்த்தால், கண்ணாடியின் மிக மெல்லிய மேற்படலம் அகன்று பரப்பு சமனாகிறது. ஒரே இடத்தில் நெடுநேரம் தேய்த்தால் கண்ணாடி சூடேறி வெடிக்கலாம். அன்றி அவ்விடம் குழிந்து, ஊடே தெரியும் உருவங்கள் நெளிந்து தோன்றலாம். ஆதலால் முகப்புக் கண்ணாடியை மெருகிடும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். புதிய வாகனங்களில் முகப்புக் கண்ணாடியின் பின்னே காமிரா அமைந்திருப்பின் அப்பகுதியைத் தேய்த்தல் ஆகாது. அரிப்பு ஆழமாயிருப்பின் கண்ணாடியை மாற்றுவதே அறிவுடைமை.

செய்யத் தகாதவை

கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வாகனக் கண்ணாடிக்குப் பயன்படுத்துவோர் உளர். அது கார்பனேட்டை விரைந்து கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் புகை கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். சிந்தினால் உலோகமும் வண்ணமும் கெடும். வினிகர் சற்றுப் பொறுமையுடன் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது; சிலிகாவை அதனாலும் கரைக்க இயலாது. அதனை வெளுக்கும் தூளுடன் கலந்தாலோ நச்சு வாயுவாகிய குளோரின் வெளிப்படும்.

இதனினும் கொடியது ஹைட்ரோபுளோரிக் அமிலம். இதுவும், அம்மோனியம் பைபுளோரைடு என்னும் உப்பும் சில கறைநீக்கிகளில் சேர்க்கப்படுகின்றன. சிலிகாவைக் கரைக்கும் ஆற்றல் இதற்குண்டு. ஆனால் கண்ணாடியும் சிலிகாவே ஆதலால் அதனையும் அரித்துவிடும். தோலில் பட்டால் உடனே வலி தெரியாமலும் இருக்கலாம். உள்ளே ஊடுருவி உடலிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து எலும்பையும் இதயத்தையும் தாக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். பெயரும் கலவையும் குறிக்கப்படாத புட்டிகளில் விற்கப்படும் கறைநீக்கிகளை வாங்காதிருத்தல் வேண்டும். வாகனம் கழுவும் சிறுவயதுப் பணியாளரிடம் அத்தகைய புட்டியைக் கொடுத்தல் கொடுமையாகும்.

செங்கற்பொடி, மணல், சாம்பல், பாத்திரம் துலக்கும் தூள் ஆகியவற்றால் தேய்ப்பதும் கூடாது. கறை போய்க் கீறல் மிஞ்சும். கீறலும் ஒளியைச் சிதறடிக்கும்.

வருமுன் காத்தல்

துளி ஈரமாக இருக்கும்வரை அது கறையன்று. காய்ந்த பின்னரே கறையாகிறது. எனவே கழுவுதலின் பிற்பாதி துடைத்தல் என்று கொள்ள வேண்டும். காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, ஒரு பக்கம் கழுவியவுடன் அப்பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபக்கம் செல்ல வேண்டும். ரப்பர் விளிம்புள்ள துடைப்பானால் நீரை வழித்துவிட்டுப் பின்னர் துணியால் ஒற்றியெடுத்தால் வேலை எளிதாகும்.

சேமித்த மழைநீர் கழுவுதற்கு மிகவும் ஏற்றது. கிணற்று நீரால் கழுவினாலும், கடைசியாகக் கண்ணாடிகளுக்கு மட்டும் இரண்டு குவளை மழைநீரோ, பாட்டரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய நீரோ விட்டு அலசுவது போதுமானது. முகப்புக் கண்ணாடிக்கு நீர் பீச்சும் தொட்டியிலும் இந்நீரையே நிரப்புவது நலம். கடினம் நீக்கும் சாதனத்தின் வழியே வந்த நீரும் காய்ந்தால் புள்ளி வைக்கும். ஏனெனில் அதில் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியம் உள்ளது. ஆனால் அப்புள்ளி நீரிலேயே கரைந்துவிடும்.

இக்காலத்தில் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் குடிநீரைச் சுத்திகரிக்கும் எதிர்ச் சவ்வூடு சாதனங்கள் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் வாகனம் கழுவப் பயன்படுத்துகின்றனர். சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினமுள்ள 4 லிட்டர் நீரில் 1 லிட்டர் குடிநீராகப் பிரிந்தால், உப்பு ஏறக்குறைய முழுவதும் எஞ்சிய 3 லிட்டரில் தங்கி, அதன் கடினம் லிட்டருக்கு 530 மில்லிகிராம் அளவுக்கு உயர்கிறது. அந்நீரைத் தரை கழுவப் பயன்படுத்தலாம், கண்ணாடிக்கு வேண்டாம்.

ஆசிரியர்களுக்குச் சில பரிசோதனைகள்

ஒரு பழைய முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டின்மேல் மழைநீர், குழாய்நீர், கிணற்றுநீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி இட்டு வெயிலில் காயவைக்கலாம். எஞ்சும் கறைகளை மாணவர் பூதக்கண்ணாடியால் ஒப்பிட்டு, வளையத்தின் தடிப்பைக் குறித்துக்கொள்வர். பிறகு ஒவ்வொரு கறையின்மேலும் ஒரு துளி எலுமிச்சைச் சாறு இட்டு, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்க்கலாம்.

அமிலத்தில் கார்பனேட் நுரைத்துக் கரைவதைக் காட்ட முட்டையோட்டையோ சலவைக்கல் துண்டையோ வினிகரில் இடலாம். வகுப்பறைச் சாக்குக்கட்டியை நம்ப வேண்டாம்; இன்று பெரும்பாலும் அது ஜிப்சத்தால் செய்யப்படுவதால் நுரைக்காது. அவ்வாறு நுரைக்காமையும் ஒரு பாடமே: வெண்ணிறக் கறை அனைத்தும் அமிலத்தில் கரைவதில்லை என்பதை அது உணர்த்தும்.

கண்ணாடி நீருக்குக் காரத்தைத் தருகிறது என்பதை மேல்வகுப்பு மாணவர்க்குக் காட்டலாம். சாதாரணக் கண்ணாடித் துண்டை ஆசிரியரே தடித்த துணியில் சுற்றி நசுக்கி, கல்வத்தில் நன்கு பொடியாக்கி, கனிமம் நீக்கிய நீர் சிறிது சேர்த்து அரைத்து, அதில் இரண்டு துளி பினால்ப்தலீன் விட்டால் நீர் இளஞ்சிவப்பாகும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிவதும், பொடி காற்றில் பறவாமல் பார்ப்பதும் இன்றியமையாதவை.

முடிவாக ஒன்று கூறலாம். கறையை நீக்கும் மருந்துகள் பல இருப்பினும், அவை பயன்படுவது கறை கண்ணாடியின்மேல் இருக்கும் வரையில்தான். கண்ணாடிக்குள் இறங்கிய பின்னர் மருந்தின் வேலை முடிந்துவிடுகிறது. இரவுப் பயணத்துக்கு முன், கண்ணாடி உலர்ந்திருக்கும்போது ஒரு விளக்கை எதிரே பிடித்துப் பார்த்தால், எந்நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம் போதும். வண்டி புறப்படுமுன் சக்கரத்தையும் எண்ணெயையும் பார்க்கும் ஓட்டுநர், இதனையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்வாராக.